மலை ஏறும் முன் நேற்றைய மழையைப் பாருங்கள்

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டத்திலிருந்து அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு சின்னக் காரில் நம் கன்னியாகுமரி மாவட்டத்து மலைப் பக்கம் காளிகேசமோ, பேச்சிப்பாறை தாண்டி கோதையாறோ போக வேண்டும். போனில் பார்த்தால் மழை 40 சதவீதம் என்று காட்டுகிறது. அதை நம்பிக் கிளம்பலாமா, மலைச் சாலை எப்படி இருக்கிறது என்று வீட்டிலிருந்தே தெரிந்துகொள்ள வழி உண்டா? அடுத்த மாதம் கேரளத்துப் பொன்முடி மலைக்குப் போகும் யோசனையும் இருக்கிறது என்றீர்கள். ஐப்பசி பிறந்துவிட்டது, வயதான அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறீர்கள், அதனால் எனக்குத் தெரிந்ததை முழுசாகவே எழுதிவிடுகிறேன். குலசேகரத்திலிருந்து மேலே எஸ்டேட் பக்கம் பிக்கப் வண்டியில் அரிசி, உரம், சிமென்ட் என்று ஏற்றி இறக்கி 18 வருடம் ஆகிறது.

முதலில் அந்த 40 சதவீதம். மாவட்டத்தில் நாற்பது சதவீத இடத்தில் பெய்யும் என்றோ, பகலில் நாற்பது சதவீத நேரம் பெய்யும் என்றோ அதற்கு அர்த்தம் கிடையாது. நீங்கள் கேட்ட இடத்தில் மழை விழ அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறது. எவ்வளவு மழை என்பது அதில் இல்லை. சட்டை நனையாத தூறலுக்கும் 40 வரலாம், ஆற்றுத் தரைப்பாலத்தை மூடுகிற மழைக்கும் 40 வரலாம். அதனால் சதவீதத்தை விட்டுவிட்டு மில்லிமீட்டர் காட்டுகிற இடத்தைப் பாருங்கள், பெரும்பாலான ஆப்பில் கொஞ்சம் கீழே தள்ளினால் இருக்கும்.

அடுத்தது, எந்த ஊர் பெயரைப் போட்டுப் பார்த்தீர்கள்? மார்த்தாண்டம் என்று போட்டிருந்தால் அது மார்த்தாண்டத்து மழை. காளிகேசத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சரி, காளிகேசம் என்றே போட்டாலும் ஒரு குறை இருக்கிறது. வானிலையைக் கம்ப்யூட்டரில் கணிக்கிற மாடல்களில் துல்லியம் என்று பெயர் வாங்கிய ஐரோப்பிய மாடலே பூமியைச் சுமார் 9 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துத்தான் கணக்குப் போடுகிறது. நம் மாவட்டத்தில் 9 கிலோமீட்டருக்குள் வயலும் வரும், ரப்பர் தோட்டமும் வரும், ஆளை நிமிர்ந்து பார்க்க வைக்கிற மலையும் வரும், மூன்றுக்கும் சேர்த்து ஒரே எண். விண்டி ஆப் வைத்திருந்தால் ஐரோப்பிய மாடலையும் அமெரிக்க மாடலையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி சொன்னால் ஓரளவு நம்பலாம். ஒன்று வெயில், ஒன்று 50 மில்லிமீட்டர் என்றால் அன்றைக்கு யாருக்கும் தெரியாது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இதெல்லாம் வரப்போகிற மழை. நான் கிளம்பும் முன் முதலில் பார்ப்பது ஏற்கெனவே விழுந்த மழையைத்தான். சாலை கெடுவது பெரும்பாலும் அதனால்தான், ஆனால் வெளியூர்க்காரர் யாரும் அதைப் பார்ப்பதில்லை.

நம் மாவட்டத்துக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. மழைக்காலத்தில் தினமும் காலையில் மழை அளவுப் பட்டியல் வெளியாகும், பேப்பரிலும் போடுவார்கள், வாட்ஸ்அப்பிலும் சுற்றும். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிவலோகம், சுருளோடு, பாலமோர், கன்னிமார், ஆனைக்கிடங்கு, திற்பரப்பு, கோழிப்போர்விளை, பூதப்பாண்டி, கொட்டாரம், இரணியல், குளச்சல் என்று நீளமாகப் போகும். நாகர்கோவில்காரர்கள் நாகர்கோவில் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடக்கி வைத்துவிடுவார்கள். மலைக்குப் போகிறவர் பார்க்க வேண்டியது வேறு ஊர்கள். காளிகேசம், கீரிப்பாறை என்றால் பாலமோர், அதற்கு அடுத்து பூதப்பாண்டி. கோதையாறு, குற்றியாறு பக்கம் என்றால் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிவலோகம். ஒரே நாளில் கொட்டாரத்தில் மண் நனைந்திருக்காது, பாலமோரில் 60, 70 மில்லிமீட்டர் விழுந்திருக்கும். இங்கே அது சாதாரணம்.

ஒரு நாள் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாள் பட்டியலையும் எடுத்து பாலமோர் எண்களைக் கூட்டுங்கள். 100 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால், ஞாயிறு பளிச்சென்று வெயில் அடித்தாலும், நான் குடும்பத்தோடு ஏற மாட்டேன். எந்த ஆபீசும் போட்ட கணக்கு இல்லை இது, நான் பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்ட கணக்கு. காரணம் மண்தான். மலையை வெட்டிச் சாலை போட்ட இடத்தில் ஒரு பக்கம் செம்மண் சுவர் நிற்கும் பாருங்கள், முதல் நாள் மழையை அது குடித்துவிடும், இரண்டாம் நாள் கனத்துப்போகும், மூன்றாம் நாள் சின்ன மழைக்கே கழன்று வரும். சில சமயம் மழையே இல்லாமல், வெயில் வந்த பிறகும் சரியும். 2021 நவம்பரில் பெய்த மழையில் இரணியல், குழித்துறை பக்கம் ரயில் பாதையிலேயே மண் சரிந்தது. அதெல்லாம் மலைகூட இல்லை, வெறும் வெட்டுமேடு.

நான் ஒரு முறை இந்தக் கணக்கைப் பார்க்காமல் போனேன். குலசேகரத்தில் நல்ல வெயில், ஈரமே இல்லை. மோதிரமலையிலிருந்து குற்றியாறு போகிற வழியில் தரைப்பாலம் உண்டு, நாங்கள் சப்பாத்து என்போம், மழைக்காலத்தில் பலமுறை மூழ்கிய இடம். நான் போய் நின்றபோது சப்பாத்தின் மேல் தண்ணீர் கணுக்கால் அளவுகூட இல்லை, ஓரக்கற்கள் முழுசாகத் தெரிந்தன. கடந்துவிடலாம் என்றுதான் தோன்றியது. பக்கத்தில் ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்த பெரியவர் ஒருவர் வண்டியின் முன்னால் வந்து கையைக் காட்டி நிறுத்தினார். "மேலே ராத்திரி நல்லா அடிச்சிருக்கு மக்கா, தண்ணி நெறத்தப் பாரு" என்றார். பார்த்தேன். கண்ணாடி மாதிரி ஓடுகிற ஆறு டீ நிறத்தில் ஓடியது, பச்சை இலையோடு கூடிய மூங்கில் கிளைகள் வந்துகொண்டிருந்தன. காய்ந்த இலை வந்தால் கரையில் கிடந்தது, பச்சைக் கிளை வந்தால் மேலே எங்கேயோ இப்போதுதான் முறிந்திருக்கிறது என்று அவர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே முதல் ஓரக்கல் மறைந்தது. கால் மணி நேரத்தில் எந்தக் கல்லும் தெரியவில்லை. நடுவில் இருந்திருந்தால் வண்டி போயிருக்கும். ஓடுகிற தண்ணீர் ஒரு அடி உயரம் இருந்தாலே சின்னக் காரை நகர்த்திவிடும், இதை மட்டும் மறக்காதீர்கள். உங்களுக்கு முன்னால் ஒரு ஜீப் கடந்து போனாலும் உங்கள் கார் அந்த ஜீப் இல்லை.

அந்தப் பெரியவரிடம் கற்ற இன்னொன்றும் சொல்கிறேன். ரப்பரில் பால்வெட்டு விடியும் முன் நடக்கிற வேலை, மரப்பட்டை நனைந்திருந்தால் வெட்ட மாட்டார்கள். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் கட்டி வெட்டுவது உண்டு, ஆனாலும் விடாமல் பெய்தால் வேலை நின்றுவிடும். அதனால் தெரிந்த பால்வெட்டுக்காரர் மேலே யாராவது இருந்தால் முந்தின நாள் போன் போட்டு, "இந்த வாரம் எத்தனை நாள் வெட்டு நடந்தது?" என்று கேளுங்கள். மூன்று நாளாக வெட்டு இல்லை என்று சொன்னால் மண் எப்படி இருக்கும் என்று நீங்களே புரிந்துகொள்ளலாம். மழைமானி இல்லாத இடத்திலும் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

அணைகளையும் பாருங்கள். பேச்சிப்பாறையின் முழுக் கொள்ளளவு 48 அடி. 42 அடியை நெருங்கும்போதே வெள்ள எச்சரிக்கை பேச்சு வந்துவிடும், உபரித் தண்ணீரைத் திறப்பார்கள். அது கோதையாற்றில் இறங்கி திற்பரப்புக்கு வரும். "திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை" என்ற செய்தியைக் குளிக்கப் போகிறவர்களுக்கானது என்று தள்ளிவிடாதீர்கள், மேலே மலை நிறைந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

இனி வானிலை மையம் சொல்கிற நிறங்கள். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு மூன்றும் மாவட்டம் முழுவதுக்கும் சேர்த்து வருபவை. கனமழை என்று அவர்கள் சொல்வது 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரிலிருந்து 115.5 வரை, மிகக் கனமழை அதற்கு மேல் 204.4 வரை, அதையும் தாண்டினால் அதிகனமழை. ஆரஞ்சோ சிவப்போ இருந்தால் யோசிக்கவே வேண்டாம், வீட்டில் இருங்கள். மஞ்சளில்தான் ஆட்கள் ஏமாறுவது, ஏனென்றால் மஞ்சள் என்று சொன்ன நாளில் கடற்கரையில் ஒன்றும் இல்லாமல் முழு மழையும் மலையில் விழுவது உண்டு. கன்னியாகுமரிக்கு எச்சரிக்கை இல்லாவிட்டாலும் பக்கத்துத் திருநெல்வேலிக்கு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், குறிப்பாக ஐப்பசி கார்த்திகையில். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, மேற்கே கடலிலிருந்து வரும், குளச்சல் பக்கம் கறுத்தால் நம் கண்ணுக்கே தெரியும். ஐப்பசி மழை கிழக்கிலிருந்து வரும், திருநெல்வேலி மலையில் மாஞ்சோலை, ஊத்து பக்கம் கொட்டிக்கொண்டிருக்கும், நமக்கு நடுவில் மலை மறைத்து நிற்கும். இங்கிருந்து பார்த்தால் வானம் நீலமாகத்தான் இருக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் விழுந்ததே, அந்த மழை கிழக்கிலிருந்து வந்ததுதான்.

கிளம்புகிற காலையில் ரேடார் பாருங்கள். நமக்குப் பக்கத்தில் இருப்பது திருவனந்தபுரத்து டாப்ளர் ரேடார், படம் வானிலை மையத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஒரு படத்தை மட்டும் பார்த்தால் பிரயோஜனம் இல்லை, தொடர்ச்சியாக ஓட விட்டு மேகக்கூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். நீலமும் பச்சையும் லேசான மழை, மஞ்சள் தாண்டி சிவப்பு என்றால் கொட்டுகிறது. ரேடாரின் கண்ணையும் மலை மறைக்கும் என்பதால், முகட்டுக்கு அந்தப் பக்கம் வெறுமையாகக் காட்டினால் அப்படியே நம்பிவிட வேண்டாம். அப்புறம், மூன்று மணி நேரத்துக்கான உடனடி எச்சரிக்கையும் மாவட்ட வாரியாக வருகிறது, அதையும் ஒரு பார்வை. இடி மின்னலுக்கு தாமினி ஆப் நல்லது, புனேயில் இருக்கும் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் செய்தது, பக்கத்தில் மின்னல் விழுந்தால் சொல்லும்.

சாலையைப் பற்றி. கூகுள் மேப்பில் நீலக் கோடு வருகிறது, சிவப்பு இல்லை, அதனால் வழி காலி என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நிறம் அங்கே போகிற போன்களை வைத்து வருவது. மேலே சிக்னலே இல்லாத இடத்தில், மரம் விழுந்து கிடந்தாலும், மண் சரிந்து கிடந்தாலும், மேப் சாதாரணமாகத்தான் காட்டும். இன்னொரு குழப்பமும் உண்டு. கீழ் கோதையாறும் மேல் கோதையாறும் மேப்பில் பக்கம் பக்கமாக இருக்கும், ஆனால் மேல் கோதையாறுக்குச் சாலை மணிமுத்தாறு, மாஞ்சோலை வழியாகத் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்துதான். புலிகள் காப்பகம் என்பதால் அனுமதி இல்லாமல் போகவும் முடியாது. கீழிருந்து மேலே ஒரு எட்டு ஏறிப் பார்த்துவிடலாம் என்று வந்து, செக்போஸ்டில் வாக்குவாதம் செய்துவிட்டுத் திரும்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சாலைக்கு நான் நம்புவது பஸ்ஸைத்தான். குலசேகரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கோதையாறு போன முதல் பஸ் திரும்பி வந்ததா என்று கேளுங்கள். வந்திருந்தால் அந்த டிரைவரிடமே பேசுங்கள். "ரோடு எப்படி?" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள், "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும், அவருக்கு அது தினமும் ஓட்டுகிற ரோடு. எங்கேயாவது மண் விழுந்திருக்கிறதா, சப்பாத்தில் தண்ணீர் எவ்வளவு, எந்த இடத்தில் பஸ்ஸை நிறுத்தி நகர்த்தினீர்கள் என்று இடம் சொல்லிக் கேளுங்கள். பஸ் பாதி வழியிலேயே திரும்பிவிட்டது என்றால் அதற்கு மேல் நீங்களும் போக வேண்டாம். கீரிப்பாறை பக்கம் என்றால் தடிக்காரன்கோணம் டீக்கடையில் இதே கேள்விகள். வனத்துறை செக்போஸ்டில் விட மாட்டோம் என்றால் கெஞ்சி நிற்காமல் திரும்பிவிடுங்கள். காளிகேசத்தில் ஆறு ஏறும்போது மேலே நின்ற குடும்பங்களை இறக்கிக் கொண்டுவருவது அவர்கள்தான். ஏதாவது அவசரம் என்றால் மாவட்ட பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

காற்றையும் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி வந்தபோது நம் மாவட்டத்தில் ரப்பர் மரங்கள் வரிசையாக முறிந்து விழுந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ரப்பர் காற்றுக்குச் சுலபமாக ஒடிகிற மரம். பேச்சிப்பாறை பக்கம் சாலைகள் இரண்டு பக்கமும் ரப்பருக்கு நடுவில்தான் போகின்றன, அதனால் மழை இல்லாமல் பலத்த காற்று மட்டும் என்றாலும் நான் வண்டியை எடுப்பதில்லை. நனைந்த ரப்பர் இலையும், எஸ்டேட் சாலையில் நிழல் விழுகிற இடத்துப் பாசியும் டயருக்கு எண்ணெய் மாதிரி. வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் பிரேக் மிதிக்காதீர்கள்.

மேலே போகும்போது சில அறிகுறிகளைக் கவனியுங்கள். மழை இல்லாத நேரத்தில் சாலையில் கைப்பிடி அளவு கல், புதிதாக உதிர்ந்த செம்மண் கிடந்தால் மேலே ஏதோ நகர்கிறது. நேற்று காய்ந்திருந்த சுவரில் கலங்கல் தண்ணீர் ஊறினால் அதன் கீழே நிற்காதீர்கள், போட்டோவுக்குக்கூட. ஓடிக்கொண்டிருந்த ஓடை திடீரென்று வற்றினாற்போல் குறைந்தால் நல்லது என்று நினைத்துவிட வேண்டாம், மேலே மண்ணோ மரமோ அடைத்து நின்றிருக்கலாம், உடைந்தால் மொத்தமாக வரும். பிள்ளைகள் ஆற்றில் இறங்கியிருந்தால் அந்த நிமிடமே கரையேற்றுங்கள்.

நேரம் முக்கியம். மலையில் பெரும்பாலும் காலையில் தெளிவாக இருக்கும், வெயில் ஏற ஏற மேகம் கூடி, இரண்டு மணிக்கு மேல்தான் இடியோடு பிடிக்கும். காலை ஏழரைக்குள் குலசேகரம் தாண்டி, ஒரு மணிக்கு இறங்கத் தொடங்கிவிட்டால் நல்லது. மதியச் சாப்பாட்டை மேலே வைத்துக்கொள்ளாமல் இறங்கி வந்து சாப்பிடுங்கள். சாயங்காலம் என்றால் மூடுபனி, யானை இரண்டும் சேர்ந்துகொள்ளும். பனியில் ஹெட்லைட்டைத் தாழ்த்தி வையுங்கள், தூக்கி வைத்தால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியர், நியூட்ரல் வேண்டவே வேண்டாம்.

பொன்முடிக்கு இதே முறைதான், ஆனால் பார்க்க வேண்டிய இடம் மாறும். நமக்குச் சென்னை மையம் சொல்வது போல அங்கே திருவனந்தபுரம் மையம், மாவட்டம் திருவனந்தபுரம். 22 கொண்டை ஊசி வளைவு, மழை எச்சரிக்கை வந்தால் சுற்றுலாப் பயணிகளை நிறுத்திவிடுவார்கள். 2022-ல் பன்னிரண்டாவது வளைவுப் பக்கம் சாலை இடிந்து சில மாதம் மூடிக் கிடந்தது. அதனால் பொன்முடிக்குப் போகிற வழியில் இருக்கும் விதுரா போய்ச் சேர்ந்த பிறகு விசாரிக்காமல், முந்தின நாளே திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு என் பதில். இரண்டில் ஒன்று என்றால் காளிகேசத்தை விட்டு, கோதையாறு பக்கம் வையுங்கள். அங்கே முதல் பஸ்ஸிடம் கேட்டுப் போகிற வசதி இருக்கிறது, வழியில் நிலைமை சரியில்லை என்றால் பேச்சிப்பாறை அணையைப் பார்த்துவிட்டுத் திரும்பினாலும் பிள்ளைகளுக்கு ஒரு நாள் ஆகும். சனிக்கிழமை இரவு பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிவலோகம் மூன்றின் மூன்று நாள் மழையையும் தனித்தனியாகக் கூட்டி இங்கே எழுதுங்கள், நானும் மேலே இரண்டு பேரிடம் கேட்டு வைக்கிறேன். அம்மாவுக்கு மாத்திரை ஏதாவது உண்டென்றால் இரண்டு வேளைக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள், சப்பாத்து மூழ்கினால் அந்தப் பக்கமே நான்கைந்து மணி நேரம் உட்கார வேண்டி வரும்.